ஒரு பகல் விருந்தாளி

2025ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் காலை, 'கார்டிலியா' என்னும் உல்லாசப் பயணக் கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து வந்து, நம் புதுச்சேரிக்கு எதிரே நடுக்கடலில் நங்கூரமிட்டு நின்றது. கரையோரம் வர அதற்கு ஆழம் போதாது. ஆகவே பிரயாணிகள் சிறு படகுகளில் ஏறித் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். பேருந்துகளில் ஊரைச் சுற்றினார்கள், பார்க்க வேண்டியவை என்று சொல்லப்பட்டவற்றைப் பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றே படகேறிக் கப்பலுக்குத் திரும்பினார்கள். கப்பலும் சென்னையை நோக்கிப் புறப்பட்டுவிட்டது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2022 ஜூன் மாதத்தில், இதே கப்பல் இங்கே வந்தபோது ஆட்களைக் கரையிறக்க அரசு அனுமதி தரவில்லை. இரண்டு தடவையும் ஊரில் எழுந்த வாதம் ஏறக்குறைய ஒன்றே. கப்பலுக்குள் சூதாட்டம் நடக்கிறதாமே என்றார்கள் ஒரு சாரார். ஊருக்கு வருமானம் வருமே என்றார்கள் மற்றொரு சாரார். சூதாட்டத்தைப் பற்றிக் கேட்டது சரியான கேள்விதான். சீட்டிலும் மதுவிலும் நொடித்த குடும்பங்களை அறியாத பங்கு நம் ஊரில் கிடையாது. வருமானத்தைப் பற்றிக் கேட்டதிலும் தவறில்லை. ஆனால் ஒன்றை யாரும் கேட்கக் காணோம். அவர்கள் கப்பலுக்குள் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்த நாம், கரையில் இறங்கினபின் நாம் அவர்களை எப்படி நடத்துகிறோம், அவர்கள் நம்மை எப்படி நடத்துகிறார்கள் என்று விசாரிக்கவில்லை. காலையில் வந்து மாலையில் போய்விடுகிற ஒருவனுக்கும் நமக்கும் இடையே கடமை என்று ஏதேனும் உண்டா? உண்டென்றால் அது எதன்மேல் நிற்கிறது?

கப்பலும் கப்பல் பிரயாணிகளும் நமக்குப் புதியவர்கள் அல்லர். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவைத்த நாட்குறிப்பைப் புரட்டினால், எந்தக் கப்பல் வந்தது, யார் இறங்கினார், எத்தனை பீரங்கி முழங்கிற்று என்ற செய்திகள் பக்கத்துக்குப் பக்கம் வரும். அந்நாளிலும் கப்பல்கள் தூரத்தில்தான் நின்றன. ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் நம் கடலோர மக்கள்தாம் அலைகளைக் கடந்து ஆட்களைக் கரை சேர்த்தார்கள். 1866இல் பிரெஞ்சுக்காரர் இரும்புப் பாலம் ஒன்று கட்டினார்கள். 1952ஆம் ஆண்டுப் புயலில் அது விழுந்தது. அதன் மிச்சத் தூண்கள் கடலில் நிற்பதை இன்றும் காண்கிறோம்.

ஆனால் அன்று கப்பலில் வந்தவனுக்கும் நமக்கும் மறுநாள் என்று ஒன்று இருந்தது. உத்தியோகத்துக்கு வந்தவன் ஆண்டுக்கணக்கில் தங்கினான். சைகோன் கப்பலில் இறங்கியவர் நம் தாத்தாவாகவோ தாத்தாவின் அண்ணனாகவோ இருந்தார். 1908இல் இங்கே அடைக்கலம் தேடி வந்த பாரதியார் 1918 வரை இருந்தார். பத்து ஆண்டு தெருவில் நடந்தவரைத் தெரு அறியும், அவரும் தெருவை அறிவார். இன்று வருகிறவனுக்கோ மறுநாள் இல்லை. அவன் முகத்தை நாம் இனிப் பார்க்கப்போவதில்லை. நம் முகத்தை அவனும் பார்க்கப்போவதில்லை.

கிரேக்க ஞானி பிளேட்டோ தமது 'குடியரசு' என்னும் நூலில் ஒரு மோதிரக் கதை சொல்கிறார். கைஜிஸ் என்ற மேய்ப்பன் கையில் ஒரு மோதிரம் அகப்படுகிறது. அதைத் திருப்பினால் அவன் பிறர் கண்ணுக்குத் தெரியமாட்டான். அப்படிப்பட்ட மோதிரம் கிடைத்தால் நீதிமானும் நீதிமானாக நிலைப்பானா என்பதே அங்கு எழும் கேள்வி. கப்பல் சீட்டும் ஒருவகையில் அந்த மோதிரந்தான். அதை வாங்கியவன் தன்னை அறிந்தவர் யாருமில்லாத ஊரில் ஒரு பகல் உலாவுகிறான். விசித்திரம் என்னவென்றால், அவன் எதிரில் நிற்கும் நம் விரலிலும் அதே மோதிரம் ஏறிவிடுகிறது. அவனிடம் எப்படி நடந்துகொண்டாலும் நம்மைக் கேட்பார் யார்?

ஆட்டோ ஓட்டும் ஒருவருடன் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: "அண்ணே, அந்த ஆளு மறுபடியும் இங்க வரப்போறானா? ஒரு நாள் கூத்து. கூட நூறு ரூபா வாங்கினா அவனுக்கு ஒண்ணும் கொறைஞ்சிடாது." இதைக் கேட்டு உடனே முகஞ்சுளிப்பது எளிது. வண்டிக்கு மாதத் தவணை கட்டுகிறவர் அவர், நாம் அல்லர். வந்து இறங்குகிறவர்களோ சாப்பாடு முதற்கொண்டு கப்பலிலேயே பணங்கட்டிவிட்டு வருகிறார்கள். ஊருக்குள் செலவழிப்பது சொற்பம். சுற்றிக் காட்டப் பேருந்து முன்னமே ஏற்பாடாகியிருக்கிறது. மிச்சமிருக்கும் நாலு சவாரியில்தான் அவர் பிழைக்கவேண்டும். அவர் கெட்டவரும் அல்லர். தம் தெருக் கிழவியை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்று காசு வேண்டாம் என்று சொன்னவர் அவரே.

கவனிக்கவேண்டியது இங்கேதான் இருக்கிறது. கிழவியிடம் காட்டிய தயவு பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாளையும் அவளைத் தெருவில் பார்ப்போம் என்பதும், ஊர் நம்மைப் பற்றி என்ன சொல்லும் என்பதும் அந்தத் தயவுக்குத் துணை நிற்கின்றன. அந்நியனிடத்தில் அத்துணைகள் எல்லாம் விலகிப்போகின்றன. மனச்சாட்சி தனியே நிற்கிறது. இன்னொன்றும் சொல்லவேண்டும். விலை கூடுதலாயிருப்பது தானாகவே பாவமாகிவிடாது. எல்லாருக்கும் தெரியும்படி எழுதிவைத்து, இருநூறு என்றால் இருநூறு என்று கேட்பவன் நியாயத்துக்கு விலகியவன் அல்லன், வேண்டாதவன் ஏறமாட்டான். ஆளின் சட்டையைப் பார்த்து, பாஷையைப் பார்த்து, அவன் அறியாமையை அளந்து விலை சொல்லுவதே குற்றம். கப்பலில் வந்தவரெல்லாம் சீமான்கள் என்று யார் சொன்னது? பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் பல ஆண்டு சேர்த்த பணத்தில் மனைவியை முதன்முதலாகக் கடல் பிரயாணம் அழைத்து வந்திருக்கலாம்.

நம் முன்னோர் இக்கேள்விக்கு ஏட்டில் மட்டுமல்ல, செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் விடை எழுதினார்கள். பெரிய வாய்க்காலுக்கு மேற்கேயுள்ள பழைய தெருக்களில் நடந்து பாருங்கள். வீட்டுக்கு முன்னே திண்ணை. அதற்கும் முன்னே தெருவை நோக்கிச் சாய்ந்த தாழ்வாரம். வீட்டுக்காரன் தன் இடத்தில், தன் செலவில் கட்டினான். ஆனால் உட்காருகிறவன் யாரோ வழிப்போக்கன். எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்டபின் உட்காரவைக்கிற இடம் அன்று திண்ணை. விடிந்ததும் எழுந்துபோய் மறுபடி வராமலே இருக்கப்போகிறவனுக்காகவே அது கட்டப்பட்டது. தமிழில் 'விருந்து' என்ற சொல்லுக்கே புதுமை என்று பொருள். வழக்கமாக வருகிற மாமனும் மைத்துனனும் உறவினர். புதிதாய் வந்தவனே விருந்தினன். வள்ளுவர் இதற்குத் தனி அதிகாரமே வகுத்தார். இன்று நம்மில் பலர் திண்ணைக்கு இரும்புக் கிராதி போட்டுவிட்டோம். திருட்டுப் பயம், மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் வேண்டும் என்று காரணங்கள் சொல்லுகிறோம். காரணங்கள் மெய்தான்.

ஆனால் பழம்பெருமை பேசும்போது எச்சரிக்கையாயிருப்பது நல்லது. அந்தத் திண்ணையில் எல்லாச் சாதியாரும் உட்கார முடிந்ததில்லை. 1745ஆம் ஆண்டுச் செய்தியாக ஆனந்தரங்கப் பிள்ளை எழுதியிருப்பதைக் கேளுங்கள். அப்போதிருந்த சம்பா கோவிலுக்குள்ளேயே பறையர் குலத்துக் கிறிஸ்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்க ஒரு சுவர் இருந்தது. நாங்களும் பிள்ளைகள் அல்லவா, எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சுவர் என்று அவர்கள் குருமாரிடம் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. கடல் கடந்து வந்த அந்நியனுக்குப் பீரங்கி முழங்கிய ஊர், கூட ஜெபிக்கிறவனுக்குச் சுவர் எழுப்பியிருந்தது. விருந்தோம்பல் என்பது வெள்ளைச் சட்டைக்காரனுக்குப் புன்னகை செய்வது மாத்திரம் என்று யாராவது எண்ணினால் இந்தச் சுவரை நினைத்துக்கொள்ளட்டும்.

இதிலிருந்து மற்றொரு கேள்வி பிறக்கிறது. விருந்தாளியைக் கவனிக்கிற வீட்டில் அதன் பாரம் யார் தலையில் விழுகிறது? நம் வீடுகளில் நடப்பது நமக்குத் தெரியும். எதிர்பாராமல் நாலு பேர் வந்துவிட்டால், வாருங்கள் உட்காருங்கள் என்று வாயார வரவேற்கிறவர் ஐயா. அடுப்படியில் நிற்கிறவள் அம்மா. எல்லாரும் எழுந்தபின் சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்து உண்கிறவளும் அவளே. வந்தவர்கள் ஐயாவின் தாராளத்தைப் புகழ்ந்துகொண்டே போகிறார்கள்.

ஊர் என்ற பெரிய வீட்டிலும் இப்படித்தான். கப்பல்களை வரவேற்க வேண்டும், வாணிபம் பெருகவேண்டும் என்று 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக இரண்டு கல்தடுப்புகள் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்டன. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டேயிருக்கும். அலை ஓரிடத்திலிருந்து வாரிக்கொண்டு போவதைத் தெற்கேயிருந்து வரும் மணல் ஈடு செய்யும்; அதுதான் கடற்கரையின் வரவு செலவுக் கணக்கு. கல்தடுப்பு வந்தபின் மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. வடக்கில் செலவு மட்டும் நின்றபாடில்லை. நம் பெரியவர்கள் பட்டம் விட்டு விளையாடிய மணற்பரப்பு மறைந்தது. அலையைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பியது. அதற்கு அடுத்த இடம் அரித்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், அதற்கும் வடக்கே தமிழ்நாட்டு எல்லைக்குள் பொம்மையார்பாளையம் என்று அரிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. கட்டுமரத்தை இழுத்துவைக்கவும் வலையை உலர்த்தவும் இடமில்லாமற்போனது மீனவர்களுக்கு. தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018-19இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தபின் நகரத்துக்கு முன்னே ஓரளவு மணல் திரும்பியிருக்கிறது. சுற்றுலாப் பிரயாணிகள் இப்போது அதில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் மீண்டது நகரத்து மணல். குப்பத்து மணல் அன்று. விருந்தாளியின்மேல் குற்றமில்லை. வீட்டுக்காரர்தான் தம் வீட்டில் யார் பட்டினி என்று எட்டிப் பார்க்கவேண்டும்.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஐரோப்பாவின் வடகோடியில் நார்வே என்றொரு தேசம். முற்காலத்தில் பனிப்பாறைகள் மலைகளைக் குடைந்து சென்ற பள்ளங்களில் கடல்நீர் புகுந்து, இருபுறமும் செங்குத்து மலைகளுக்கிடையே நீண்ட நீர்வழிகள் அங்கே உண்டாகியிருக்கின்றன. ஃபியோர்டு என்பது அவற்றின் பெயர். அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றின் முடிவில் கெய்ராங்கர் என்னும் சிற்றூர் இருக்கிறது. நிலையாகக் குடியிருப்போர் முந்நூறு பேருக்கும் குறைவு. நம் பங்கில் ஒரு தெருவுக்குச் சமம். கோடைக்காலத்தில் ஒரே நாளில் பல ஆயிரம் பேரைக் கப்பல்கள் அங்கே கொண்டுவந்து இறக்குகின்றன. 2005இல் அந்நீர்வழி உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கப்பற் புகை மலைகளுக்கிடையே தேங்கி நிற்கவே, உலகச் சின்னமான ஃபியோர்டுகளில் புகையில்லாக் கப்பல்களையே விடவேண்டும் என்று நார்வே பாராளுமன்றம் 2018இல் தீர்மானித்தது. சிறு கப்பல்களுக்கு 2026 முதல் அவ்விதி வந்திருக்கிறது. பெருங்கப்பல்களுக்கு 2032 வரை தவணை. பெரியவர்களுக்குத் தவணை நீளமாய்க் கிடைப்பது அங்கும் உண்டு போலும்!

என் மனத்தில் தைத்தது அந்தப் புகையல்ல. கப்பலின் மேல்தட்டில் நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்து வியக்கும் காட்சிகளுள் ஒன்று, செங்குத்து மலையின் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பண்ணை வீடுகள். ஏழு சகோதரிகள் என்ற அருவிக்கு அருகிலுள்ள ஒரு பண்ணையில் இருந்தவர்கள், தலைக்குமேல் தொங்கும் பாறை சரிந்துவிடும் என்ற அச்சத்தால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியேற நேர்ந்தது. ஒரு குடும்பத்தின் திகில் இன்று நமக்குப் படம். பக்கத்திலேயே ஓக்கர்நெசெட் என்னுமிடத்தில் மலையில் பிளவு ஒன்று மெல்ல மெல்ல அகன்றுகொண்டிருக்கிறது. அது சரிந்து நீரில் விழுந்தால் எழும் பேரலை சில நிமிடங்களில் கெய்ராங்கரை அடையும் என்பதால் இரவும் பகலும் கருவிகள் வைத்துக் காவல் காக்கிறார்கள். அவ்வூர்த் தாய்மார்கள் அந்த அச்சத்தோடுதான் பிள்ளைகளைத் தூங்கவைக்கிறார்கள். பிரயாணி மாலை மணி அடித்ததும் கப்பலேறிவிடுகிறான்.

இப்போது பிரயாணியின் பக்கத்துக்கு வருவோம். அழகான ஊர் என்று ஒன்றைச் சொல்லும்போது, அங்கே யாரோ குடியிருக்கிறார்கள் என்பதை அவன் மறந்துபோகிறான். துய்மா வீதியில் மஞ்சள் சுவருக்கு முன்னே மணமக்களை நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள், அந்த வாசலுக்குள்ளிருந்து ஒரு பாட்டியம்மாள் வெளியே வரமுடியாமல் காத்திருப்பதைக் கவனிப்பதில்லை. ஜென்மராக்கினி மாதா கோவிலிலும் இருதய ஆண்டவர் கோவிலிலும் பூசை நடக்கையில், கைபேசியை உயர்த்திக்கொண்டு நடுப்பாதையில் பீடம் வரை நடந்துவருகிறவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவர்களை அதட்டி வெளியே அனுப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அதட்டப்பட்டவர் எந்த மதத்தவரோ, என்ன துக்கத்தோடு உள்ளே நுழைந்தாரோ! விரலை உதட்டில் வைத்துச் சைகை காட்டி, கடைசி வரிசைப் பலகையில் இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தால் போதும். பெரும்பாலோர் கைபேசியைப் பையில் போட்டுவிடுகிறார்கள்.

சேசுநாதர் தம் சீடர்களை ஊர் ஊராக அனுப்புகையில், போகிறவர்கள் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று கற்பித்ததை லூக்காஸ் சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் காணலாம். ஏற்றுக்கொண்ட வீட்டிலேயே தங்கவேண்டும். அதைவிட நல்ல வீடு தேடித் தாவக்கூடாது. முன்னே வைத்ததை உண்ணவேண்டும். வரவேற்கிறவனின் கடமையைப் பற்றி நாம் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். வருகிறவனுக்கும் கட்டளை இருக்கிறது என்பது அடிக்கடி காதில் விழுவதில்லை. ஒரு பகலில் பத்து இடம் பார்க்கவேண்டும் என்று ஓடுகிறவன் வீடு வீடாகத் தாவுகிறவன்தான். பத்தில் ஒன்றையாவது உட்கார்ந்து பார்த்தால், அங்கே இருப்பவர் ஒருவரோடு பேச அவனுக்கு நேரம் கிடைக்கும்.

கப்பலில் வந்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நமக்குச் சுகமாயிருக்கும். நாமும் பிரயாணிகளே. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிகள் அளவு மீறிப் போகவே, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் அனுமதிச் சீட்டுப் பெற்றுப் போகும்படி ஆயிற்று. அவ்விதம் நெருக்கியவர்களில் நம் பங்குக் குடும்பங்களும் உண்டு. ஆகஸ்டு 29ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறும் காலத்தில், நம்மவர் பேருந்து பேருந்தாகத் தெற்கே போகிறார்கள். காவியுடுத்திக் கால்நடையாகவும் போகிறார்கள். வழியில் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது, காற்று நன்றாயிருக்கும், பேருந்து அரை மணி நேரம் நிற்கும். பிள்ளைகள் கோட்டைச் சுவரில் ஏறுகிறார்கள். புளிச்சோற்றுப் பொட்டலம் பிரிக்கப்படுகிறது. சில சமயம் அந்தக் காகிதம் அங்கேயே கிடக்கிறது. கோட்டையிலிருந்து எட்டும் தூரத்தில் மீனவர் வீடுகள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஏறி வந்தபோது பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் அங்கே இருக்கின்றன.

அந்த அரை மணி நேரத்தில் நம் பெண்கள் கைகால் கழுவவும் ஒதுங்கவும் இடம் தேடி யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். கதவு திறக்கிறது. ஒரு குடம் தண்ணீரும் கிடைக்கிறது. சில வீடுகளில் மோரும் கிடைக்கிறது. என்ன மதம் என்று அவர்கள் கேட்பதில்லை, காசும் வாங்குவதில்லை. பிறகு ஓட்டுநர் ஒலியெழுப்புகிறார், ஓடிவந்து ஏறிக்கொள்கிறோம். சென்ற ஆண்டு கதவைத் திறந்தவர்களின் பெயர் நம் பேருந்தில் யாருக்காவது தெரியுமா?